மூன்று தலைமுறையும் ஒரு கைநாட்டும்

பேராதனையிலிருந்து ஹிந்தகலை, கலஹா வழியாகத் தெல்தோட்டைக்கு ஏறிச் செல்லும் பாதையின் மருங்கில், பெயர் சொல்ல வேண்டாத ஒரு தேயிலைத் தோட்டத்தில், நான் பல்லாண்டுகளாக அறிந்த ஒரு குடும்பம் வாழ்கிறது. அக்குடும்பத்துப் பாட்டனார், கவ்வாத்து வெட்டுவதில் அத்தோட்டத்திலேயே கைதேர்ந்தவர் என்று பெயரெடுத்தவர், தமது ஆயுள் முழுவதும் சம்பள நாளன்று பெருவிரலில் மை தொட்டுக் கைநாட்டு வைத்தே கூலி பெற்றார். அவருடைய மகன் கையெழுத்து இடுகிறார். மூத்த மகள் ஒரு சிறு கடதாசியில் எழுதிக் கொடுத்த தமது பெயரைச் சட்டைப் பையில் வைத்திருந்து, வேண்டும்போது எடுத்து விரித்து, அதிலுள்ள கோடுகளையும் வளைவுகளையும் கோலத்தைப் பார்த்துக் கோலம் போடுவதுபோல ஒவ்வொன்றாகப் படியெடுப்பதே அவருடைய கையெழுத்து. பேரனுக்கு வயது 10. ஒருமுறை காதால் கேட்ட பாடத்தை அப்படியே திருப்பிச் சொல்லவும், பழுதுபட்ட வானொலிப் பெட்டியைக் கழற்றிப் பூட்டவும் வல்ல அச்சிறுவன், புத்தகத்தைத் திறந்து கொடுத்தால், 'மலை' என்ற சொல்லை 'மழை' என்றும், 'பாலம்' என்பதைப் 'பழம்' என்றும் ஊகித்து, மூன்றாவது வரிக்கு வருமுன் வியர்த்துப் போய் நிற்கிறான்.

மூன்று தலைமுறைக்கும் மூன்று காரணங்கள் ஆயத்தமாக இருந்தன. பாட்டனாருக்குப் பள்ளிக்கூடம் வாய்க்கவில்லை என்றார்கள், அது உண்மையே. தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்கும் கடமையை 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் தோட்டத் துரைமார் மீது சுமத்தியிருந்தும், அது பெரும்பாலும் ஒரே அறையில் ஒரே உபாத்தியாயரோடு நின்றுவிட்டது. 1945இல் நாடெங்கும் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதன் முழுப் பயனுக்குப் புறம்பாகவே கிடந்து, 1970களில்தான் அரசாங்கத்தின் கைக்கு மாறத் தொடங்கின. மகன் மூன்றாம் வகுப்போடு நின்று கண்டிப் பட்டணத்தில் ஒரு கடைக்குச் சிப்பந்தியாகப் போனார். வறுமை என்றார்கள், அதுவும் உண்மையே. பேரனுக்கு இவ்விரண்டில் எதையும் சொல்ல வழியில்லாமற் போகவே, சோம்பல், கவனக்குறைவு, மந்தபுத்தி என்ற மூன்று சொற்களில் ஏதேனும் ஒன்று அவன்மேல் வந்து விழுந்தது.

ஆயினும் அதே லயத்தில், அதே விளக்கின் கீழ், அதே உபாத்தியாயரிடம் படித்த அவனுடைய அக்காள், ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்து கண்டியிலுள்ள பெரிய பாடசாலையொன்றுக்குப் போயிருக்கிறாள். வறுமையும் பள்ளியும் இருவருக்கும் பொதுவாயிருக்க, ஒருத்திக்கு எழுத்து நீராய் ஓடியதும் மற்றவனுக்கு அதே எழுத்து கல்லாய் இறுகியதும் எதனால் என்ற கேள்வியே என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. இதற்கு விடை, நாம் இத்தனை காலம் தேடாத இடத்தில், அதாவது தகப்பனுடைய சட்டைப் பையிலிருந்த அந்தக் கடதாசித் துண்டில் இருந்தது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

கண்ணும் காதும் குறைவின்றி, புத்தியும் தெளிவாயிருந்து, கற்பிப்பாரும் இருந்தும், எழுத்தையும் அதன் ஓசையையும் இணைத்து விரைந்து வாசிக்கும் ஆற்றல் மாத்திரம் ஒருவனுக்குப் பிறவியிலேயே அரிதாயிருக்கும் நிலையை டிஸ்லெக்சியா என்கிறார்கள். நம் நாட்டில் வாசிப்பு இடர்ப்பாடு என்றும், கற்றல் இடர்ப்பாடுகளுள் ஒன்று என்றும் வழங்கும். 1887இல் அப்பெயரை இட்டவர் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்துக் கண் வைத்தியராகிய ருடால்ப் பெர்லின். அக்காலத்து வைத்தியர்கள் இதனைச் சொற்குருடு என்று அழைத்தார்கள். 1896 நவம்பரில் இங்கிலாந்தின் சீபோர்ட் என்னும் ஊரிலிருந்து பிரிங்கிள் மோர்கன் என்ற வைத்தியர், பெர்சி என்ற 14 வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். விளையாட்டில் சுறுசுறுப்பும் விவேகமும் உள்ள அப்பிள்ளை தன் பெயரையே எழுத்து முறை மாற்றி எழுதினான். பாடமெல்லாம் வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே முதன்மையானவன் அவனாகத்தான் இருப்பான் என்று அவனுடைய உபாத்தியாயர் சொன்னதாகவும் மோர்கன் குறித்திருக்கிறார். நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்து, கடல் கடந்து, கலஹா மலையில் அதே சிறுவனை நான் மறுபடி கண்டேன் என்றே எனக்குத் தோன்றிற்று.

இது குடும்ப வழியாக வருவது என்ற ஐயமும் நேற்று எழுந்ததன்று. கிளாஸ்கோ நகரத்து ஜேம்ஸ் ஹின்ஷெல்வுட் என்ற கண் வைத்தியர் 1907இல் ஒரே குடும்பத்துச் சகோதரர் நால்வரைப் பற்றி எழுதினார். அதே ஆண்டில் ஸ்டீபன்சன் என்பவர் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைகளில் ஆறு பேரிடம் இதனைக் கண்டதாக வெளியிட்டார். 1950இல் ஸ்டொக்ஹோமில் பெர்டில் ஹால்கிரென் என்ற வைத்தியர் நூற்றுக்கு மேற்பட்ட குடும்பங்களின் வம்ச விருத்தாந்தங்களைச் சேகரித்து, இது பரம்பரையின் வழியே வருவதுதான் என்று வாதிட்டார். ஆனால் ஒரு குடும்பத்தில் ஒரு குறை தொடர்ந்து வருவதால் மாத்திரம் அது இரத்தத்தில் வருவது என்று துணிந்துவிட முடியாது. கடனும் குடும்பத்தில் தொடர்ந்து வருகிறது, சமையற் கைப்பக்குவமும் வருகிறது. இரத்தத்தையும் வளர்ப்பையும் பிரித்தறிய ஓர் அளவுகோல் வேண்டியிருந்தது. அதை இரட்டைப் பிள்ளைகள் தந்தார்கள்.

மலையகத்து வாசகருக்கு இதனை விளக்கத் தேயிலையைக் காட்டிலும் சிறந்த உவமை எனக்குக் கிடைக்கவில்லை. தெல்தோட்டைக்கு அப்பால் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலையைத் தோட்டப் பயிராக்கிய காலந்தொட்டு விதையிலிருந்து முளைத்த பழந்தேயிலை மலைகளைப் பாருங்கள். ஒரே தாய் மரத்தின் விதைகளிலிருந்து எழுந்தவையானாலும், ஒரு செடியின் இலை அகன்றும் இன்னொன்றின் இலை குறுகியும், ஒன்று விரைந்து கொழுந்து விட்டும் மற்றொன்று பின்தங்கியும், உடன்பிறந்த பிள்ளைகள் போலவே ஒன்றுக்கொன்று வேறுபட்டிருக்கும். பின்னாளில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் தேர்ந்தெடுத்த டி.ஆர்.ஐ. 2025 போன்ற இனங்களின் தண்டை ஒற்றை இலையோடு வெட்டி நட்டு வளர்த்த வீ.பீ. தேயிலை மலையிலோ ஒவ்வொரு செடியும் மற்றதன் பிரதிபிம்பம். ஒத்த இரட்டையர் இந்த வீ.பீ. செடிகளைப் போன்றவர்கள், ஒவ்வா இரட்டையர் விதைத் தேயிலை போன்றவர்கள், ஒரே வயிற்றில் ஒரே காலத்தில் இருந்தும், பரம்பரைச் சொத்தில் சராசரியாகப் பாதியளவே ஒன்றுபட்டவர்கள். இருவகையினரும் ஒரே வீட்டில் ஒரே சோற்றை உண்டு வளர்வதால், முதல் வகையினரிடம் ஒற்றுமை மிகுதியாகக் காணப்படுமாயின் அந்த மிகுதியைப் பரம்பரையின் கணக்கில் எழுதலாம். அமெரிக்காவின் கொலராடோவில் டெஃப்ரிஸ் என்பவரும் அவருடைய கூட்டத்தாரும் பல்லாண்டு செய்த ஆய்வில், ஒருவருக்கு வாசிப்பு இடர்ப்பாடு இருந்தால் மற்றவருக்கும் இருந்தது ஒத்த இரட்டையரில் 100 சோடிக்குச் சுமார் 68. ஒவ்வா இரட்டையரில் சுமார் 38. இவ்விரண்டு எண்களின் இடைவெளியில் பரம்பரை நின்றுகொண்டிருக்கிறது. 68 என்பது 100 ஆகாமல் நின்ற இடத்தில் வளர்ப்பும் வாழ்வும் நிற்கின்றன என்பதையும் மறக்கலாகாது.

பெற்றோருள் ஒருவருக்கு இவ்விடர்ப்பாடு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு, ஆய்வுக்கு ஆய்வு சற்று வேறுபட்டாலும், ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. நான் சொன்ன அந்தக் குடும்பத்தில் மூத்தவள் தப்பியதும் இளையவன் அகப்பட்டதும் இக்கணக்கின்படி விந்தையன்று. பையன்களையே அதிகமாக வைத்தியரிடம் கொண்டுபோகிறார்கள் என்பதனால் இது ஆண் பிள்ளைகளின் குறை என்று நெடுங்காலம் நம்பினார்கள். அமெரிக்காவில் ஷேவிட்ஸ் தம்பதியர் 1990இல் பொதுவாகத் தெரிந்தெடுத்த ஒரு தொகுதிப் பிள்ளைகளை ஒருமிக்கச் சோதித்தபோது, பெண் பிள்ளைகளும் ஏறக்குறைய அதே அளவில் இருந்தார்கள். கடைசி வாங்கில் சத்தமின்றி இருக்கும் பெண் பிள்ளை யாருக்கும் இடைஞ்சல் செய்வதில்லை. ஆகவே அவளை ஒருவரும் தேடுவதுமில்லை.

பரம்பரையலகுகளைத் தேடிய கதை நெடியது. அதில் நமக்கு வேண்டிய மட்டும் சொல்கிறேன். 1983இல் 15ஆம் நிறமூர்த்தத்தையும் 1994இல் 6ஆம் நிறமூர்த்தத்தையும் சுட்டினார்கள். 2003இல் பின்லாந்தில், 2ஆம் நிறமூர்த்தத்துக்கும் 15ஆம் நிறமூர்த்தத்துக்குமிடையே துண்டுகள் இடம் மாறியிருந்த ஒரு தகப்பனையும் அவருடைய பிள்ளைகளையும் ஆராய்ந்து, முறிவு நேர்ந்த இடத்திலிருந்த ஒரு பரம்பரையலகைக் கண்டெடுத்தார்கள். இத்தகைய அலகுகளுட் சில, கருவிலிருக்கும் சிசுவின் மூளையில் நரம்புக் கலங்கள் தம் இருப்பிடத்துக்குப் போய்ச் சேரும் பயணத்தோடு தொடர்புடையன என்று கருதினார்கள். கண்டி நாட்டுத் தோட்டங்களில் மிளகுக் கொடி தாங்கு மரத்தைப் பற்றி மேலேறுவதுபோல, அக்கலங்களும் நார் போன்ற தாங்கிகளைப் பற்றி மேலேறித் தத்தம் அடுக்கில் தங்குகின்றன. டிஸ்லெக்சியா உடையோராய் வாழ்ந்து இறந்த சிலருடைய மூளைகளைப் பொஸ்டன் நகரில் கலபுர்தா என்ற அறிஞர் 1979 முதல் ஆராய்ந்தபோது, மொழிக்குரிய இடப்புறத்துப் பகுதிகளில் சில கலங்கள் தமக்குரிய அடுக்கில் நில்லாமல் அப்பால் வழிந்து கிடந்தன.

கதை அங்கேயே முடிந்திருந்தால் எழுதுவோனுக்குச் சௌகரியமாயிருக்கும். ஆனால் 2022இல், டிஸ்லெக்சியா உடையோர் என்று தம்மைத் தாமே தெரிவித்த 51,800 பேரையும் அவ்வாறில்லாத பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோரையும் ஒப்பிட்டு வெளிவந்த பேராய்வு, பழைய பட்டியலிலிருந்த அலகுகளுக்கு வலுவான ஆதாரத்தைத் தரவில்லை. அதற்கு மாறாக நிறமூர்த்தங்களில் 42 இடங்களைச் சுட்டி, அவை ஒவ்வொன்றின் வலிமையும் மிகச் சிறிதென்றும் காட்டியது. ஒரு பெரிய கல் உருண்டு வந்து பாதையை அடைத்ததாக எண்ணியிருந்தோம். பல சிறு கற்கள் சேர்ந்து அடைத்திருக்கின்றன. அது இயல்பே. மானிடன் எழுதவும் வாசிக்கவும் தொடங்கி ஐயாயிரம் ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான் ஆகிறது; வாசிப்பதற்கென்று ஓர் அலகு உடம்பில் உருவாக அக்காலம் போதாது. பேச்சுக்காகவும் பார்வைக்காகவும் அமைந்த உறுப்புகளை இரவல் வாங்கியே நாம் ஒவ்வொருவரும் வாசிக்கிறோம். இரவல் சிலருக்கு எளிதிற் கிடைக்கிறது, சிலருக்குக் கிடைப்பதில்லை. அந்தப் பேராய்வில் சேர்க்கப்பட்டோர் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். நம் மக்களின் இரத்தம் அந்தக் கணக்கில் சேரவில்லை.

நம் ஊரின் கணக்கோ, பல எழுத்துகள் கலந்து வழங்குவதால், இன்னும் நுட்பமானது. 1815 மார்ச் 2ஆம் திகதி எழுதப்பட்ட கண்டி ஒப்பந்தத்திலே பிரதானிகளுட் சிலர் தமிழ் எழுத்திலும் கையொப்பமிட்டனர் என்பது பிரசித்தம். அன்று போலவே இன்றும் கண்டி புகையிரத நிலையத்தில் இறங்கும் ஒரு பிள்ளையின் கண்ணில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்ற மூவகை எழுத்தும் ஒரே பலகையில் படுகின்றன. 2001இல் இத்தாலி, பிரான்ஸ், இங்கிலாந்து ஆகிய மூன்று நாட்டு டிஸ்லெக்சியா உடையோரைப் பாவுலேசு என்பவரும் தோழரும் ஒப்பிட்டபோது, மூளையில் தெரிந்த குறை மூன்று நாட்டாருக்கும் ஒன்றாகவே இருந்தும், எழுத்தும் ஓசையும் ஒழுங்காய் இசையும் இத்தாலிய மொழியினர் பிழை குறைவாக வாசித்தார்கள். தமிழும் எழுத்துக் கூட்டினால் பெரும்பாலும் ஓசை வந்துவிடும் மொழி. ஆகவே நம் பிள்ளை தட்டுத் தடுமாறியேனும் பல சொற்களைச் சரியாக வாசித்துவிடுகிறான். அவன் மெதுவாக வாசிப்பதைச் சோம்பல் என்று கொள்கிறோம். ஆங்கிலப் பாடம் வந்ததும் அவன் முற்றாகக் கவிழ்ந்துவிடுகிறான். அதை ஆங்கிலம் வராத தோட்டத்துப் பிள்ளை என்று சொல்லி முடித்துவிடுகிறோம்.

தமிழிலும் இடறும் படிகள் உண்டு. 247 எழுத்து என்ற தொகையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அதில் ஒழுங்கு இருக்கிறது. ஆனால் 'கெ', 'கே', 'கை' என்பவற்றில் பின்னால் ஒலிக்கும் உயிரின் குறியைக் கண் முன்னால் சந்திக்கிறது. 'கொ' என்பதில் அக்குறி இருபுறமும் பிரிந்து நிற்கிறது. ககரம் ஒன்றே இடத்துக்கேற்ப மூன்று விதமாக ஒலிக்கிறது. மலையகத்துப் பேச்சில் ழகரமும் ளகரமும் ஒன்றாகிவிட்டமையால், எதை எங்கே எழுதுவது என்பதைக் காது சொல்லாது, நினைவுதான் சொல்ல வேண்டும். 'வந்தாங்க' என்று பேசும் வாய்க்குப் புத்தகம் 'வந்தார்கள்' என்று காட்டுகிறது. சிங்களப் பிள்ளைக்கும் பேச்சில் வேறுபாடிழந்த இரண்டு நகரங்களும் இரண்டு லகரங்களும் அதே தொல்லையைத் தருகின்றன. இவ்விஷயத்தில் மகாவலியின் இருகரையிலும் பிள்ளைகளின் துன்பம் ஒன்றே.

இனி ஓர் அபாயத்தைக் குறித்து அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். பரம்பரை என்ற சொல்லைக் கேட்டதும், தோட்டத்து மக்கள் பரம்பரையாகவே படிப்பு ஏறாதவர்கள் என்று சொல்லக் காத்திருப்போர் உண்டு. இது விஞ்ஞானத்துக்கும் நியாயத்துக்கும் முரணானது. வளமான மண்ணில் நட்ட வீ.பீ. செடியையும் மண் அரித்துப் பாறை தெரியும் சரிவில் நட்ட வீ.பீ. செடியையும் ஒப்பிட்டு, இனத்தின் குற்றம் என்று எந்தக் கணக்கப்பிள்ளையும் சொல்வதில்லை. ஒரே மண்ணில் நிற்கும் செடிகளுக்குள் காணும் வேறுபாட்டுக்கே வித்து காரணமாகும். நல்ல கல்வி வாய்த்த இடத்தில்தான் வாசிப்பு வேறுபாட்டில் பரம்பரையின் பங்கு தெளிந்து தோன்றுகிறது; கல்வி வாய்க்காத இடத்தில் எல்லாரும் ஒன்றுபோல் பின்தங்கிப் போவதால் அது கண்ணுக்கே புலப்படுவதில்லை. நம் பாட்டன்மாரின் கைநாட்டு அவ்விதம் புலப்படாமற் போனதொன்று. ஆயிரம் பேருக்குப் பள்ளி மறுக்கப்பட்டபோது, அந்த ஆயிரத்துக்குள் பள்ளி கிடைத்தும் தவித்திருக்கக்கூடியோர் யார் என்பதை எவரும் அறிய வழியில்லாது போயிற்று.

இதை எனக்கு உணர்த்தியவர் அந்தத் தகப்பனார்தாம். பேராதனைச் சிறுவர் வைத்தியசாலைக்கு மகனைக் கொண்டுபோய், கண்ணும் காதும் பழுதில்லை என்று கேட்டுக்கொண்டு திரும்பிய அன்று மாலை, லயத்து வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். "தம்பி, நீங்க மூணாம் வகுப்போட நின்னது வறுமையினாலதானே?" என்று கேட்டேன். அவர் நெடுநேரம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாங்க மாஸ்டர். நானும் அப்பிடியே விட்டுட்டேன். படிக்க வச்சாங்க, எனக்குத்தான் ஏறலன்னு யாருக்கும் தெரியாது. கடைக்குப் போனதுதான் எனக்கு நிம்மதி."

வறுமையை ஒரு மனிதன் போர்வையாகப் போர்த்துக்கொண்டு முப்பது ஆண்டுகள் வெட்கத்தை மறைத்து வாழ்ந்திருக்கிறார் என்பதை நினைத்தபோது எனக்குப் பேச்செழவில்லை. மகன் புத்தகத்தோடு போராடுவதைத் தினமும் பார்த்தும், தமக்கும் அதுவே நேர்ந்ததென்று அவர் மனைவியிடமும் சொன்னதில்லை. அந்த அம்மையாரோ, தாம் கர்ப்பமாயிருந்தபோது மலைக்கு வேலைக்குப் போனதால் வந்த வினை என்று நம்பி, கட்டுக்கலைப் பிள்ளையார் கோவிலில் நேர்த்தி வைத்து அழுதுகொண்டிருந்தார். தகப்பன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தாயின் கண்ணீரும் பையனின் முதுகில் விழுந்த அடியும் எவ்வளவோ குறைந்திருக்கும். ஆனால் நம் சமூகத்தில் குடும்பத்திலே ஒன்று தொடர்ந்து வருகிறதென்று வாய்விட்டுச் சொல்லப் பெண்ணைப் பெற்றவர்கள் அஞ்சுகிறார்கள். கலியாணம் பேச வருவோர் காதில் அது விழுந்துவிடும் என்ற அச்சம் அது. இது நோயன்று, தொற்றுவதன்று, புத்திக் குறையுமன்று என்பதை நூறு முறை எடுத்துச் சொல்ல நான் தயாராயிருக்கிறேன்.

பின்லாந்தின் யூவஸ்குலா நகரில் 1990களில், குடும்பத்தில் வாசிப்பு இடர்ப்பாடு உடைய பிள்ளைகளையும் இல்லாத பிள்ளைகளையுமாகச் சுமார் 200 பேரைப் பிறப்பிலிருந்தே ஹெய்க்கி லூத்தினென் என்பவரும் தோழரும் தொடர்ந்து கவனிக்கத் தொடங்கினார்கள். பின்னாளில் இடர்ப்படவிருந்த பிள்ளைகள், பள்ளிக்குப் போவதற்கு வெகு முன்னரே, சொல்லை ஓசை ஓசையாகப் பிரிப்பதிலும் எழுத்தின் பெயரை நினைவில் வைப்பதிலும் பின்தங்கியிருந்தார்கள். ஆகையால் தகப்பனிடம் கேட்கும் ஒரு கேள்வி, பிள்ளை தோற்பதற்கு மூன்று நான்கு ஆண்டு முன்னதாகவே நமக்கு எச்சரிக்கை தந்துவிடும். பாடசாலையில் சேர்க்கும்போது தகப்பனின் தொழிலைக் கேட்கிறோம், விலாசத்தைக் கேட்கிறோம். வீட்டில் யாருக்காவது எழுத்து வராமல் இருந்ததா என்று கேட்பதில்லை. அயலிலோ, சென்னையில் 1990களின் தொடக்கத்தில் பெற்றோரும் அன்பர்களும் கூடி மதராஸ் டிஸ்லெக்சியா சங்கத்தை அமைத்தார்கள். இந்தியா 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் இவ்விடர்ப்பாட்டை உரிமைக்குரிய நிலைகளுள் ஒன்றாக ஏற்றது. ஒவ்வொரு எழுத்தையும் சொல்லிக்கொண்டே எழுதி, எழுதிக்கொண்டே தடவி, ஓசையோடு கை பழக்கும் முறையே இப்பிள்ளைகளுக்கு ஏற்றது என்று மேல்நாட்டார் கண்டிருக்கிறார்கள்; மணலில் விரலால் எழுதி உரக்கச் சொன்ன நம் திண்ணைப் பள்ளிக்கூடம் அதற்கு அந்நியமன்று. அதை ஒரு பிள்ளைக்கு ஓர் ஆண்டு பொறுமையோடு செய்ய ஒருவர் வேண்டும், அவ்வளவே தேவை.

லயத்து வாசலில் பேசிய அந்த மாலையே பையனுடைய அப்பியாசக் கொப்பியின் பின்பக்கத்தில் அக்குடும்பத்தின் வம்ச விளக்கப்படத்தை வரைந்தேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். இடர்ப்பாடு உடையோரைக் கருமையாக்குவது மரபு. பையனுடைய சதுரத்தை நிரப்பினேன். தகப்பனார் என் கையிலிருந்த பென்சிலை வாங்கித் தமது சதுரத்தைத் தாமே நிரப்பினார். பாட்டனாருடைய சதுரத்தண்டை வந்ததும் இருவரும் நின்றுவிட்டோம். பள்ளியே காணாத மனிதருக்கு அதைக் கருமையாக்கவும் முடியவில்லை, வெறுமையாக விடவும் மனம் வரவில்லை. அதற்குள், கேட்டுக்கொண்டே சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த தாயார், அருகிலிருந்த நாலு வயதுச் சின்னவளைக் காட்டி, "அப்ப இவளுக்கு, மாஸ்டர்?" என்றார்.

நான் அவளைப் பக்கத்தில் அழைத்து, 'கொழுந்து' என்று சொல்லி, 'கொ' என்பதற்கு ஒரு தட்டும் 'ழுந்' என்பதற்கு ஒரு தட்டும் 'து' என்பதற்கு ஒரு தட்டுமாக மூன்று முறை கை தட்டிக் காட்டினேன். அவள் சிரித்துக்கொண்டு இரண்டு தட்டோடு நிறுத்திவிட்டாள். "இன்னொரு தரம் சொல்லு பார்ப்பம்" என்றேன். வாசற்படியில் இருந்த அண்ணன் எழுந்து வந்து, தங்கையின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு, அவளோடு சேர்ந்து தட்டத் தொடங்கினான்.